ஒன்பதாம் நம்பர் ஷூ

கெடிலம் கடலைத் தொடுவதற்குச் சற்று முன்னால்
புல்லைத் தினமும் குளிப்பாட்டும் ஒரு கிளப் இருக்கிறது.
ஒன்பது குழி, ஒன்பது கொடி.
வாசலில் பலகை:
காலர் கட்டாயம்.
வட்டக்கழுத்து, வேட்டி, லுங்கி, செருப்பு
அனுமதியில்லை.
பெண்களுக்கு ஒரே வரி, மரியாதையான உடை.
யாருக்கு மரியாதை என்று எழுத
இடம் போதவில்லை போலிருக்கிறது.

இஸ்திரி போட்ட சட்டைதான் போட்டிருந்தேன்.
காலர் இருந்தது.
அதைத் தூக்கிவிட்டுக்கொள்ளக் காரணமும் இருந்தது:
சிப்காட்டில் பன்னிரண்டு வருஷம் மூக்கைக் கொடுத்தபின்
ஷிஃப்ட் இன்சார்ஜ்.
ஜி.எம். சீதாபதியே கூப்பிட்டார்,
"பூவராகன், ஃபேமிலியோட வந்துடுங்க."

ஆரோக்கியதாஸ் முதலில் என் காலைத்தான் பார்த்தார்.
பிறகு, தப்பு தன்னுடையது போல,
"செருப்பு சார்..." என்று இழுத்தார்.
லாரன்ஸ் ரோட்டில் முந்தின நாள் வாங்கியது.
விலைச்சீட்டின் பசை கூட இன்னும் போகவில்லை.

நான் பயந்துகொண்டிருந்தது மகிழிசையின் சுடிதாருக்கு.
அதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை,
மேலிருந்து கீழே ஒருமுறை
படித்துப் பார்த்ததைத் தவிர.

இதற்கென்றே ஒரு பீரோ வைத்திருந்தார்கள்.
இரண்டு கோட்டு.
முடிச்சுப் போட்டபடியே நாலு டை, மாட்டினால் போதும்.
ஒரு ஜோடி கறுப்பு ஷூ.
ஒன்பதாம் நம்பர்.
என் கால் ஏழு.

அப்பாவுக்கும் ஏழுதான்.
விருத்தாசலம் பக்கம் ஒரு தெரு.
அதன் முனையில் செருப்பைக் கழற்றிக்
கக்கத்தில் இடுக்கிக்கொள்வார்,
மறுமுனையில் கீழே போட்டு மாட்டிக்கொள்வார்.
அங்கே பலகை கிடையாது.
எழுதாமலே எல்லோருக்கும் மனப்பாடம்.
அவரைக் கழற்றச் சொன்னார்கள்,
என்னை மாட்டச் சொல்கிறார்கள்.
குனிந்து கயிறு கட்டும்போது
இதெல்லாம் நினைத்தேன் என்று சொன்னால் பொய்.
கயிறு பாதியில் அறுந்திருந்தது,
அதைத்தான் நினைத்தேன்.
மற்றது வீட்டுக்குப் போய், மூன்று மணிக்கு.

இடது ஷூவின் நுனியில் ஏதோ தடுக்கியது.
விரலை விட்டு எடுத்தேன்.
எட்டாய் மடித்த கல்யாணப் பத்திரிகை,
மூலையில் மஞ்சள்,
பண்ருட்டி மண்டபம், ஐந்து வருஷத்துக்கு முந்தைய வைகாசி.
யாரோ ஒருவர்
உள்ளே யாருக்கோ பத்திரிகை வைக்க வந்திருக்கிறார்.
அவர் காலும் சின்னது.
வலது ஷூ காலி.
கையில் மிச்சம் இருந்தது ஒன்றுதான்,
அதை உள்ளே கொடுத்தாக வேண்டும்.

டக் டக்கென்று போய் உட்கார்ந்தேன்.
மேஜையில் தானே புயல் கதை ஓடியது.
வாசல் பலகை பறந்துபோய்
தேவனாம்பட்டினத்தில் ஒரு வாத்துக் கூண்டுக்குக்
கூரையாகக் கிடந்ததாம்.
ஐம்பது ரூபாய் கொடுத்து மீட்டு
மறுபடி வர்ணம் அடித்தார்களாம்.
ஒரு மழைக்காலம் முழுக்க அதன் கீழே
வாத்துகள் வெறுங்காலோடு முட்டையிட்டிருக்கின்றன.
"ரூல்ஸ் இல்லேன்னா
யார் வேணா உள்ள வந்துடுவாங்க,"
என்றார் டாக்டர் ஜெயசந்திரபாபு.
எல்லோரும் சிரித்தார்கள்.
யார் வேணா ஆகிய நானும் சிரித்தேன்.
மகிழிசை சிரிக்கவில்லை,
மீனில் முள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புறப்படும்போது ஷூவைக் கழற்றினேன்.
வலது குதிகாலில் கொப்புளம்.
பத்திரிகையை இடது நுனியில்
இருந்த மடிப்பிலேயே திரும்ப வைத்தேன்.
என் பெயர் எழுதிக் கொடுத்த விருந்தினர் சீட்டை
எட்டாய் மடித்து
வலதில் திணிக்கும்போது
பின்னால் ஆள் நிற்பது தெரிந்து
கையை இழுத்துக்கொண்டேன்.

ஆரோக்கியதாஸ் பீரோச் சாவியைச் சுழற்றியபடி
வேறு பக்கம் பார்த்தார்.
"இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளி வைங்க சார்.
போன தடவ சுத்தம் பண்றப்ப
அது ஒண்ணத்தான் காப்பாத்த முடிஞ்சுது."